ஏழாம் நம்பர் நாற்காலி

நிமிர் ஏரோ நிறுவனத்தின் முதலாளி ரகுநந்தனுக்கு மூன்று பட்டங்கள் இருந்தன. இரண்டு வெளிநாட்டில் வாங்கியவை. மூன்றாவது, அவர் கட்டடம் கட்டிக் கொடுத்த கல்லூரி நன்றிக்காகத் திருப்பிக் கொடுத்தது. ஒரு பொருளைக் கீழே விழாமல் நிறுத்துவது எப்படி என்பதை மூன்றில் எதுவும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அதற்குத்தான் சுயம்புகனியை வேலைக்கு வைத்திருந்தார்.

காற்றாலைக் கோபுரங்களில் மனிதர்கள் கயிறு கட்டி ஏறக்கூடாது என்று சட்டம் வந்த பிறகு முளைத்த நிறுவனம் அது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கியடித்து நிற்கும் காற்றாலைகளுக்கு நடுவே, ஓர் ஆள் கைகளை விரித்த அகலத்துக்கு இறக்கை சுழலும் சின்ன ஹெலிகாப்டர்களை அது ரிமோட்டில் பறக்கவிட்டது. அவை காற்றாடியின் இலைகளுக்கு அருகில் போய்ப் படம் பிடித்து, விரிசல் கண்ட இடத்தில் பசை பூசிவிட்டுத் திரும்பும். அந்தக் கணவாயில் ஆனி, ஆடியில் வீசும் காற்றுக்கு முன்னால் ஒரு நல்ல மனிதராலேயே நேராக நிற்க முடியாது. இயந்திரம் நிற்க வேண்டுமென்றால் அதற்கு யாராவது மெனக்கெட வேண்டும்.

மெனக்கெட்டது சுயம்புகனி. நாகர்கோவிலில் பொறியியல் படித்தவள். வாய் கொஞ்சம் நீளம். புதிதாக வரும் ஒவ்வொரு ஹெலிகாப்டரையும் அவள் முதலில் இறக்கைகள் பூட்டிய சுழல் தலையைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பாள். மூக்கு தாழ்ந்தால் பேட்டரியைப் பின்னால் நகர்த்துவாள். வால் தாழ்ந்தால் முன்னால். இறக்கைகளை எடை போட்டு, இலேசான இறக்கையின் நுனியில் டேப்பைத் துணுக்குத் துணுக்காக ஒட்டி, இரண்டும் சமமாகும் வரை விடமாட்டாள். சாய்வை உணரும் சென்சார் பலகையை மெத்தென்ற ரப்பர் மேல் வைத்து, அசையாத தரையில் கிடத்தி, 'நேர்' என்றால் எது என்பதை அது கற்றுக்கொள்ளும் வரை அந்தப் பக்கம் யாரையும் நடக்க விடமாட்டாள். கடைசியில் வாலைக் கையால் திருப்பி, அது எதிர்ப்பக்கம் தள்ளுகிறதா என்று பார்ப்பாள். இவ்வளவும் முடிய ஒரு பகல் முழுதும் போய்விடும். ரகுநந்தனுக்கு அந்தப் பகல் கண்ணை உறுத்தியது.

பிறகு காதுப்பட்டை வந்தது. பெங்களூரில் யாரோ கண்டுபிடித்ததை அவர் உரிமை வாங்கிக்கொண்டு வந்து, தானே கண்டுபிடித்ததுபோல மேடை போட்டு அறிமுகம் செய்தார். மேடையில் குத்துவிளக்கை ஏற்ற விடாமல் காற்று திரும்பத் திரும்ப அணைத்தது. அதையும் ஒரு நல்ல சகுனமாக விளக்கிப் பேசிவிட்டார். மற்றபடி அவர் பேசியதில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. தலைமைப் பொறியாளர் ஸ்ரீகாந்த்தான் பிறகு சுயம்புகனிக்கு எடுத்துச் சொன்னார்.

"நம்ம காதுக்குள்ள மூணு சின்ன வளையம் இருக்கு, மேடம். உள்ள தண்ணி மாதிரி ஒண்ணு. தலை சாஞ்சா அது அலையும்; உடனே மூளைக்குத் தெரிஞ்சிரும். இந்தப் பட்டை ஹெலிகாப்டரோட சாய்வை அப்படியே அந்தக் காதுக்குள்ள அனுப்பும். பட்டையை மாட்டி நாற்காலில உக்காந்திருக்கிற ஆளோட மூளை தன் உடம்புதான் சாயுதுன்னு நெனச்சு, நிமிரச் சொல்லிக் கட்டளை போடும். அந்தக் கட்டளையைப் பட்டை பிடிச்சு ஹெலிகாப்டருக்கு அனுப்பிரும். எந்த சென்சாரும் இவ்வளவு வேகமா சரி பண்ணாது."

"ஓட்டுறது யாரு?"

"ரிமோட் வச்சிருக்கிறவர்தான். நாற்காலி ஆள் சும்மா உக்காந்திருந்தா போதும்."

சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஒன்பது பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். நிறுவனம் அவர்களுக்கு நிலையாளர் என்று பெயர் சூட்டி, நெஞ்சில் கழுகுப் படம் போட்ட நீலச் சட்டை கொடுத்தது. முன்பு கோபுரம் ஏறியவர்களுக்கே முன்னுரிமை என்றார்கள். சுயம்புகனியின் கணவன் ஜெயசிங் பதினாறு வருடம் கோபுரம் ஏறியவன்; சட்டம் வந்ததும் வேலையிழந்து வீட்டில் உட்கார்ந்திருந்தவன். விண்ணப்பிக்கச் சொல்லி அவனை அனுப்பியதே அவள்தான். அவனுக்கு நாலாம் நம்பர் ஹெலிகாப்டரும், அதே எண் எழுதிய நாற்காலியும் கிடைத்தன.

முதலில் அவன் சின்னப் பிள்ளை போல மகிழ்ந்தான். கண்ணை மூடிக்கொண்டால் கோபுர உச்சியில் நிற்பது போலவே இருப்பதாகவும், இன்னும் சொன்னால் கோபுரமே இல்லாமல் நிற்பது போல இருப்பதாகவும் சொல்லிச் சொல்லி மாய்ந்தான். ஆடிக் காற்றிலும் ஒன்பது இயந்திரங்களும் ஆணியடித்தது போல நின்றன. பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். கைதட்டல் கேட்ட பிறகுதான் ரகுநந்தனுக்கு அந்த யோசனை தோன்றியது. காதே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்றால், இறக்கையை எடை போடுவது எதற்கு? டேப் எதற்கு? ரப்பர் எதற்கு? ஒரு பகல் முழுதும் எதற்கு?

அடுத்த வாரமே சுயம்புகனியின் தராசையும் சோதனை மேசையையும் தூக்கிக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். இயந்திரங்கள் பெட்டியிலிருந்து வந்தபடியே, பழுதான இறக்கைக்குப் பதில் கைக்கு அகப்பட்ட இறக்கையை மாட்டியபடியே பறந்தன. அப்போதும் அவை நேராகத்தான் நின்றன. அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. இத்தனை வருடம் வீணாகத்தான் டேப் ஒட்டிக்கொண்டிருந்தோமோ என்று நினைத்தாள். பறப்பு நேரங்களைப் பதிவு செய்யும் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள், அதைச் செய்தாள்.

வீட்டில் ஜெயசிங் தண்ணீரைத் தம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றத் தொடங்கினான். மோட்டார் சைக்கிளை நிறுத்தப்போய் அதோடு சேர்ந்து விழுந்தான். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். தரை சரிவாக இருப்பதாகவும், யாரோ வீட்டைப் பிடித்து மெல்ல ஆட்டுவதாகவும் சொன்னான். சாப்பிட்டது தங்கவில்லை. நாற்காலியில் உட்காரும் ஒன்பது பேரும் அப்படியே ஆனார்கள். டீக்கடையில் அவர்களுக்குப் பம்பரங்கள் என்று பேர் விழுந்தது. வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டிராத ஜெயசிங்கைப் போதகர் தனியே அழைத்துப்போய், குடியை விட்டுவிடும்படி கண்ணீர் மல்க ஜெபம் செய்தார். அவன் மறுத்துச் சொல்லச் சொல்ல ஜெபம் நீண்டதே தவிர முடியவில்லை. நிறுவனத்தின் மருத்துவர் பித்தம் என்றார். ஒன்பது பேருக்கும் ஒரே வாரத்தில் எப்படிப் பித்தம் வரும் என்று கேட்டதற்கு, ஒரே கேன்டீனில்தானே சாப்பிடுகிறார்கள் என்றார். அந்த அளவுக்கு அவருடைய ஆராய்ச்சி கூர்மையாக இருந்தது.

ஒரு நாள் காலையில் நாலாம் நம்பரைத் தரையிலேயே வைத்து ஓடவிட்டிருந்தார்கள். கடந்துபோன சுயம்புகனி பழக்கத்தில் அதன் வால் தண்டில் உள்ளங்கையை வைத்தாள். அது நடுங்கியது. கொஞ்சநஞ்சமல்ல, குளிர் காய்ச்சல் வந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதுபோல நடுங்கியது. நாற்காலிகள் இருந்த கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். அவளுடைய கணவன் கண்ணை மூடி, தாடை இறுக, அந்த நடுக்கத்தை ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டிருந்தான். இயந்திரத்தின் ஆட்டம் எங்கும் போய்விடவில்லை என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. முன்பு அவள் டேப் ஒட்டிப் போக்கியதை இப்போது அவன் மூளை வாங்கிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் அப்படி வாங்கிய மூளை, ஆடாத தரைக்கும் எதிர்க்கட்டளை போடப் பழகிவிட்டது.

அன்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது, கிடங்கிலிருந்து தராசை எடுத்துவந்து நாலாம் நம்பரின் இறக்கைகளைச் சமன் செய்தாள். பேட்டரியை நகர்த்தினாள். சென்சாரின் கீழே புது ரப்பர் வைத்தாள். ஜெயசிங்கிடம் ஒன்றும் சொல்லவில்லை. சில நாட்கள் கழித்து அவன் ஒரு தட்டுச் சோறு முழுதும் சாப்பிட்டான். சுவரைப் பிடிப்பது நிற்கவில்லை; ஆனால் வாந்தி நின்றது. அவள் விஷயத்தைச் சொன்னதும் சந்தோஷப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் முகம் சுருங்கியது.

"எனக்கு மட்டும் பண்ணுனியா, புள்ள? அங்கன மரியதாஸ் ஏழாம் நம்பர்ல கெடந்து சாகுதான். அவனுக்கு யாரு பண்ணுவா?"

அவள் ரகுநந்தனைப் போய்ப் பார்த்தாள். அவர் தம் அறையில் உருளை மேல் வைத்த ஒரு பலகையில் நின்று இரு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தார். உடம்பின் சமநிலைக்கு நல்லதாம். இறங்காமலே அவள் சொன்னதைக் கேட்டார். ஒன்பது இயந்திரத்தையும் சமன்செய்ய அனுமதி வேண்டும் என்றாள். நாற்காலி ஆட்களை நல்ல காது மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றாள். ஆட்டம் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதெல்லாம் தன் வேலையில்லை, தான் தொலைநோக்கு மட்டுமே பார்ப்பதாக அவர் சொன்னார்.

"மனுஷ மூளை எவ்வளவு பெரிய அதிசயம் தெரியுமா, கனி? எதையும் சமாளிக்கும். அதை நம்புங்க."

"சமாளிக்குது, சார். யாரோட மூளை சமாளிக்குதுன்னுதான் கேக்க வந்தேன்."

அவர் சிரித்துவிட்டு, அவளுக்கு ஓய்வு தேவை என்றார். வெளியே வந்தவள் ஸ்ரீகாந்திடம், அந்த ஆள் கெட்டவரில்லை, வெறும் மடையர் என்று சொன்னாள். மடையர்களுக்குப் புரியவைக்க ஏதாவது ஒரு வழி இருக்கும் என்று அவள் அப்போது நம்பினாள். மறுநாள் தராசு கிடங்கிலும் இல்லை.

காதுப்பட்டையை நாடு முழுவதும் விற்க அரசின் அனுமதி தேவைப்பட்டது. ஆய்வு செய்ய நஃபீஸா என்ற அதிகாரி வந்தார். ஐம்பது வயதிருக்கும், காற்றில் பறக்கும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, அதிகம் பேசாமல் எல்லாவற்றையும் பார்த்தார். மைதானத்தில் பந்தல், பட்டுச் சேலைப் பெண்கள், பன்னீர், நிருபர்கள். ஒன்பது நிலையாளர்களையும் சலவைச் சட்டையில் அவரவர் நாற்காலியில் வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். நிற்கவைத்தால் ஆடுவார்கள் என்பதால் உட்காரவைத்தார்கள்; ஆனால் ரகுநந்தன் அதைத் தொழிலாளர்களுக்கு நிறுவனம் தரும் மரியாதை என்று விளக்கினார்.

நாற்காலியில் அமர்பவர்களுக்குத் தலைசுற்றல் வருவதாகப் புகார் வந்திருக்கிறதே என்று நஃபீஸா கேட்டார். புகாரை எழுதியது சுயம்புகனி. ரகுநந்தன் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலக் கோட்டைக் கழற்றினார். தொழிலாளி உட்காரும் நாற்காலியில் முதலாளியே உட்காரப் போவதாக நிருபர்கள் பக்கம் திரும்பி அறிவித்தார். காமிராக்கள் நெருங்கின. கையிலிருந்த டேப்லெட்டை ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு, ஜெயசிங்கை வேறிடத்தில் உட்காரவைத்து, நாலாம் நம்பர் நாற்காலியை முன்னால் கொண்டுவரச் சொன்னார்.

சுயம்புகனி அவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். அந்த டேப்லெட்டில் ஒன்பது வண்ணக் கோடுகள் தெரிந்தன, ஒவ்வோர் இயந்திரத்தின் ஆட்டத்துக்கும் ஒன்று. எட்டு சிவப்பு. நாலாவது மட்டும் பச்சை.

அவளுக்குக் காலடியில் மண் நழுவியது போல இருந்தது. ஜெயசிங் சொல்வதெல்லாம் இதுதானோ என்று நினைத்துக்கொண்டாள். இந்த மனிதர் மடையர் இல்லை. ஆட்டத்தின் அளவைத் தினமும் பார்த்திருக்கிறார். எது யாரைக் கெடுக்கிறது, எது கெடுக்காது என்று தெரிந்துவைத்திருக்கிறார். அவள் திருட்டுத்தனமாகச் செய்த நல்லதைக்கூட அழிக்காமல், இன்றைக்கு உதவும் என்று பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

பட்டையைக் காதுக்குப் பின்னால் பொருத்தி, ரகுநந்தன் கண்ணை மூடி உட்கார்ந்தார். நாலாம் நம்பர் மேலே போய்க் காற்றில் அசையாமல் நின்றது, இறங்கியது. அவர் எழுந்து, கைகளை விரித்தபடி ஒரு நேர்கோட்டில் நடந்து காட்டினார். கைதட்டினார்கள். கோயிலில் தியானம் செய்தது போல இருந்தது என்றார்.

கைதட்டல் அடங்கியதும் சுயம்புகனி முன்னால் வந்தாள். நஃபீஸாவிடம் பேசினாள்.

"மேடம், சார் இப்ப உக்காந்த ஒண்ணுதான் நான் சமன் பண்ணுன மெஷின். மத்த எட்டும் பண்ணல. பண்ண வேண்டாம்னு சொல்லிட்டாவ. சாரை ஏழாம் நம்பர்ல உக்காரச் சொல்லுங்க."

ரகுநந்தன் ஒன்பதும் ஒரே இயந்திரம்தான் என்றார். மனக்கசப்பில் இருக்கும் ஊழியர் என்றார். நஃபீஸா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"ஒரே மெஷின்னா நல்லதாப் போச்சு, சார். ஏழாம் நம்பர்லயும் கொஞ்ச நேரம் உக்காந்துருங்க. எனக்கும் எழுத வசதியா இருக்கும்."

ஏழாம் நம்பர் நாற்காலிக்கு உரிய மரியதாஸ் தட்டுத்தடுமாறி எழுந்தான். பக்கத்தில் இருந்தவனின் தோளைப் பிடித்துக்கொண்டு, தன் நாற்காலியின் இருக்கையைத் துண்டால் துடைத்தான். பிறகு பட்டையை எடுத்து அதையும் துடைத்து, இரண்டு கையாலும் முதலாளியை நோக்கி நீட்டினான். அதில் கேலி எதுவும் இல்லை. உட்கார்ந்து பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும் என்று அவன் உண்மையாகவே நம்பினான். மற்ற எட்டுப் பேரும் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல அவரையே பார்த்தார்கள்.

ரகுநந்தன் அந்தப் பட்டையைப் பார்த்தார். காமிராக்களைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, திருவனந்தபுரத்தில் தமக்கு விமானம் இருப்பதை நினைவுகூர்ந்தார். கோட்டைப் போட்டுக்கொண்டு காருக்கு நடந்தார், மிக நேராக.

நஃபீஸா அவர் போன திசையைப் பார்க்கவில்லை. மரியதாஸின் கையிலிருந்து பட்டையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அவனை உட்காரச் சொன்னார். ஸ்ரீகாந்தைக் கூப்பிட்டு, ஒன்பது இயந்திரமும் நாலாம் நம்பர் போல ஆகும் வரை எதுவும் தரையை விட்டு எழும்பக் கூடாது, நாற்காலி ஆட்கள் அத்தனை பேரையும் வெளி மருத்துவர் பார்த்தாக வேண்டும் என்றார். ஸ்ரீகாந்த் எல்லாவற்றுக்கும் சரி மேடம் என்றார். அவர் எப்போதும் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்பவர்தான். அன்றைக்கு மட்டும் அது பயன்பட்டது.

தராசு திரும்பி வந்தது. அது ரகுநந்தனின் காரோட்டி வீட்டில், காய்கறி நிறுக்க உதவிக்கொண்டிருந்ததாம். சுயம்புகனி எட்டு இயந்திரங்களையும் ஒவ்வொன்றாகச் சமன்செய்தாள். ரகுநந்தனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அப்படிப்பட்டவர்களுக்கு ஆவதில்லை. அடுத்த விளம்பரத்தில் 'ஒவ்வொன்றும் கையால் சமன்செய்யப்பட்டது' என்று அச்சிட்டு, அதைத் தம் தொலைநோக்கு என்று பேட்டி கொடுத்தார். பேட்டி எடுத்தவர் அசந்துபோய் எழுதியிருந்தார்.

நாகர்கோவிலில் ஜெயசிங்கைப் பார்த்த காது மருத்துவர், காதில் பழுதில்லை, மூளைதான் தரையை மறந்துவிட்டது என்றார். மருந்து இல்லை. நடந்து நடந்து, விழுந்து விழுந்து அதற்கு மறுபடி கற்பிக்க வேண்டும்; அது எவ்வளவு காலம் ஆகும் என்று தம்மால் சொல்ல முடியாது என்றார். மற்றவர்கள் மெல்ல நடக்கத் தொடங்கினார்கள். நாற்காலிக்குப் போவது நின்றதும் படுத்த ஜெயசிங் கட்டிலை விட்டு இறங்கவில்லை. ஒரு பிற்பகலில் அவளைக் கூப்பிட்டு, தன்னை நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைக்கும்படி கேட்டான்.

"இப்பதான் எல்லாத்தையும் சரி பண்ணிட்டியே, கனி. நாலாம் நம்பர் ஆடாது. அதுல உக்காந்தா நான் நேரா இருப்பேன். இங்கன கெடந்தா வீடே ஆடுது. மனுசனா இருக்கணும்னா எனக்கு அந்த நாற்காலிதான்."

அவளுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, ரகுநந்தன் மேல் வரவேண்டிய கோபத்தை இவன்மேல் காட்டுகிறோம் என்று தெரிந்தது. முடியாது என்று சொன்னால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். அவள் கொடியில் கிடந்த அவன் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"சரி, வாங்க. ஆனா தூக்கிட்டெல்லாம் போகமாட்டேன். நடந்து வாங்க."

நிறுவனக் குடியிருப்பிலிருந்து நாற்காலிக் கூடத்துக்கு ஒரு மைதானத்தைக் கடந்தால் போதும். நடுவில் பிடிக்கச் சுவரில்லை. மேற்குக் காற்று முழு வேகத்தில் இருந்தது. அவன் இரண்டு அடி வைத்து உட்கார்ந்துவிட்டான். எழுந்தான். நண்டு போலப் பக்கவாட்டில் ஓடிப்போய் விழுந்தான். சிராய்த்த முழங்கையைப் பார்த்து அவளைத் திட்டினான். அவள் அம்மா வீட்டையும் சேர்த்துத் திட்டினான். அவள் கைக்கெட்டும் தூரத்தில், கையைக் கட்டிக்கொண்டு, அவன் வேகத்துக்கே நடந்தாள். வேலை முடிந்து போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் ஓடிவந்து தாங்கப்போனார். அவள் கண்ணால் தடுத்தாள். பாதித் தூரத்தில் அவன் திட்டுவதை நிறுத்திவிட்டு, தன் கால்களையே பார்த்து நடந்தான்.

கூடத்தின் வாசலை அவன் தொட்டபோது உள்ளே ஆளில்லை. இயந்திரங்களை அடுக்கிவிட்டு, நாற்காலிகளுக்கு உறை போட்டு மூடிவிட்டுப் போயிருந்தார்கள். ஜெயசிங் நிலைக்கதவைப் பிடித்தபடி மூச்சு வாங்க நின்றான். உறைக்குள் இருந்த நாலாம் நம்பரைப் பார்த்தான். திரும்பி, எதையும் பிடிக்காமல் தான் கடந்துவந்த மைதானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நாளைக்கி இன்னும் வெள்ளன கெளம்பணும்," என்றான்.